மண்ணுக்கு ஒரு சலாம்

பற்று என்பது உள்ளத்தில் ஊறுவது, ஆணையால் வருவதன்று. இவ்வுண்மையை இசையால் உணர்த்திய ஓர் ஒலித்தொகுப்பைப் பற்றி இம்மலரில் எண்ணிப் பார்க்க விழைகின்றோம்.

தாம்பரத்தில் மின்தொடர் வண்டி ஏறிக் கடற்கரை நோக்கிச் செல்வோர் நாள்தோறும் கடக்கும் நிலையம் கோடம்பாக்கம். அவ்வூரில் தம் இல்லத்தையொட்டி ஒலிப்பதிவுக் கூடம் அமைத்தவர், இளமையில் ராக் குழுவில் கீபோர்டு வாசித்துப் பழகிய ஏ.ஆர். ரகுமான். விடுதலைப் பொன்விழா ஆண்டான 1997இல் அவர் படைத்ததே 'வந்தே மாதரம்' என்னும் தொகுப்பு. நண்பர் பரத்பாலா துணைநின்றார். சோனி நிறுவனம் வெளியிட்டது. இந்தியில் மெகபூபும் தமிழில் வைரமுத்துவும் பாடல் யாத்தனர். பாகிஸ்தானின் நுஸ்ரத் ஃபதே அலி கானும் ஒரு பாடலில் இணைந்தார். அதுவரை பெரும்பாலும் பிறர் குரலுக்கு மெட்டமைத்த ரகுமான், இதில் தம் குரலையே முன்னிறுத்தினார்.

அத்தலைப்பு எளிதானதன்று. பங்கிம் சந்திரரின் பாடலில் நாட்டைத் தெய்வமாக்கும் பகுதிகள், இறைவனையன்றி எதனையும் வணங்காத முஸ்லிம்களுக்கு நெருடலாயின. முதலிரு பகுதிகளை மட்டும் பாடுவதென 1937இல் காங்கிரசுச் செயற்குழு தீர்மானித்தது. அறுபது ஆண்டுகட்குப் பின், ரகுமானின் பாடலில் அவ்விரு சொற்களின் அருகே 'சலாம்' என்னும் சொல் வந்தமர்ந்தது. தமிழில் அது 'வணக்கம்' ஆயிற்று.

அச்சொற்களை அவர் பாடியிருத்தலாகாது என்பார் உளர். பாடியதனாலேயே அவர் பற்றாளர் என்பாரும் உளர். இருசாரார் கூற்றும் நமக்கு உடன்பாடன்று. மனமொப்பிப் பாடியவரை ஐயுறுவது அறமன்று. பாடாதவரைப் பற்றற்றவர் என அளக்கும் கோலும் நேரிய கோலன்று.

மண்ணை வாழ்த்துவோர் தம் காலடி மண்ணையும் நோக்குதல் வேண்டும். 2015ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் முடிச்சூரும் வரதராசபுரமும் மூழ்கியபோது, உணவுப் பொட்டலத்தோடு நீரில் இறங்கியவரிடம் எந்தப் பாடல் பாடுவாய் என்று எவர் கேட்டார்? 2022இல் ராம்சர் தகுதி பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் நம் தாய்மண்ணே. அதனைக் காப்பதும் பற்றே.

மாணவச் செல்வங்களே! பிறர் வகுத்த சொற்களைத் திருப்பிச் சொல்வதோடு அமையாதீர். உங்கள் மண்ணை உங்கள் சொல்லால், உங்கள் செயலால் வாழ்த்துங்கள். சமுதாயப் பெரியோர் அம்முயற்சிக்கு வழிவிடுவாராக!