கடலுக்கும் ஒரு பஞ்சாங்கம்

“அலை எப்போது ஓய்வது, தலை எப்போது முழுகுவது?” என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. சும்மா காத்துக்கொண்டிருந்தால் காரியம் ஆகாது என்பதற்காகச் சொன்ன வார்த்தை. இங்கிலாந்தின் கடற்கரைக்குப் போகிறவர்கள் மட்டும் இந்தப் பழமொழியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போவது நல்லது. அங்கே காத்திருக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் கடல் வழி விடுகிறது.

வாசகிகளில் பலருக்கு மகனோ மகளோ லண்டனிலும் பர்மிங்ஹாமிலும் குடித்தனம் செய்கிறார்கள். போய்ப் பேரக் குழந்தையைக் கொஞ்சி, அரண்மனையையும் மணிக்கூண்டையும் பார்த்தாகிறது. அப்புறம்? பிள்ளைகள் ஆபீசுக்குப் போன பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து மழையைப் பார்ப்பதுதான் பாக்கி. அவர்களுக்காகவே இந்த வாரம் ஒரு யோசனை. குடும்பத்தோடு கடலோரத்துக்குப் புறப்பட்டு, மூன்றே நாளில் ஒரு சிறு சாகசம் செய்து திரும்பலாம். “சாகசமா? இந்த முழங்கால் வலியோடா?” என்று பயப்படாதீர்கள். உங்களை யாரும் கயிற்றில் தொங்கச் சொல்லவில்லை. நிதானமாக நடக்க முடிந்தால் போதும். ஒழுங்காகத் திட்டமிடத் தெரிந்தால் போதும்.

சாதாரணமாக நாம் எப்படித் திட்டம் போடுகிறோம்? முதலில் லீவு, பிறகு டிக்கெட், பிறகு தங்கும் இடம், கடைசியில்தான் கடல். இங்கிலாந்தில் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். முதலில் கடலின் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் லீவுக்கே எழுத வேண்டும்.

அது என்ன பஞ்சாங்கம் என்கிறீர்களா? சென்னை மெரினாவில் கடல் ஏறுவதும் வற்றுவதும் சுமார் ஒரு மீட்டர் அளவுதான். அதனால் நம் கண்ணில் படுவதே இல்லை. இங்கிலாந்தின் மேற்கே, பிரிஸ்டல் கால்வாயின் கோடியில், இந்த வித்தியாசம் 14 மீட்டர் வரை போவதுண்டு. நாலு மாடிக் கட்டடத்தின் உயரம்! ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவே சுமார் 12 மணி 25 நிமிஷம். ஆகையால் இன்று காலை 10 மணிக்கு ஏறிய கடல், நாளைக் காலை 10-50 சுமாருக்கு ஏறும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். அஷ்டமியை ஒட்டி இரண்டுமே குறைவு. சூரியனும் சந்திரனும் சேர்ந்து இழுப்பதும், ஆளுக்கொரு பக்கம் இழுப்பதுமே காரணம்.

அமாவாசை என்றைக்கு என்று காலண்டரைப் பார்க்காமலே சொல்லும் நம் வீட்டுப் பெண்மணிக்குப் பாதிப் பாடம் இப்போதே தெரியும்! மீதிப் பாதி, ஊருக்கு ஊர் மாறும் மணிக்கணக்கு. கடலோர ஊர்க் கடைகளில் சிறு புத்தகமாகக் கிடைக்கும்; இணையத்திலும் பார்க்கலாம். ஒரு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் கடைசி வரை அந்த ஊர்க் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைக்கிறார்கள். சில அட்டவணைகளில் அந்த ஒரு மணி சேர்ந்திருக்காது. எந்தக் கணக்கு என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு? 2004-ஆம் வருஷம் பிப்ரவரி 5-ந் தேதி இரவு, வடமேற்கே மோர்கம் விரிகுடாவின் மணற்பரப்பில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த சீனத் தொழிலாளர்களைக் கடல் சூழ்ந்துகொண்டது. குறைந்தது 21 பேர் மாண்டார்கள். பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்த ஏழைகள். அந்த மணலின் குணத்தை அறியாதவர்கள். தட்டையான மணலில் தண்ணீர் எதிரே வந்து எச்சரிப்பதில்லை. ஓடைகள் வழியாகச் சுற்றி வந்து, நமக்கும் கரைக்கும் நடுவே நிரம்பிவிடுகிறது.

இனி, போய் வர மூன்று இடங்கள்.

முதலாவது, வடகிழக்கே நார்தம்பர்லாந்து. லண்டன் கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனிலிருந்து பெரிக் வரை ரயிலில் சுமார் நாலு மணி நேரம். அருகில் இருக்கிறது லிண்டிஸ்ஃபார்ன் என்னும் புனிதத் தீவு. 635-ஆம் வருஷம் எய்டன் என்ற துறவி மடம் அமைத்த இடம். தீவுக்குப் போகும் சாலை தினம் இரண்டு தடவை கடலில் மூழ்கிவிடும். எந்த நேரத்தில் கடக்கலாம் என்று கவுண்டி கவுன்சில் அட்டவணை வெளியிடுகிறது. அப்படியும், “ஐந்து நிமிஷந்தானே!” என்று வண்டியை விட்டுத் தண்ணீரில் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு.

நடக்கப் பிரியமுள்ளவர்களுக்கு, மணலில் கழிகள் நட்டு அடையாளமிட்ட யாத்திரிகர் பாதை இருக்கிறது. சுமார் 3 மைல். கடல் வற்றிக்கொண்டே போகும்போது புறப்பட்டு, அது திரும்புவதற்கு வெகு முன்பே கரையேறிவிட வேண்டும். வழியில் உயரமான கால்களின் மேல் மரக்கூண்டுகள் நிற்கும். கடலிடம் அகப்பட்டவர்கள் ஏறிக்கொள்வதற்கு. அவற்றைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், போதும்.

மறுநாள் சீஹவுசஸ் என்ற துறையிலிருந்து ஃபார்ன் தீவுகளுக்குப் படகு ஏறலாம். மே முதல் ஜூலை வரை, வண்ண அலகுடைய பஃபின் பறவைகள் அங்கே ஆயிரக்கணக்கில் குடியிருக்கும். அந்தத் தீவுகளில் ஒன்றில்தான் கிரேஸ் டார்லிங் வாழ்ந்தாள்; லாங்ஸ்டோன் கலங்கரை விளக்கக் காவலரின் மகள். 1838 செப்டம்பர் 7-ந் தேதி விடியற்காலை, பாறையில் மோதி உடைந்த கப்பலொன்றை அவள் பார்த்தாள். வயது 22. தந்தையும் மகளும் சிறு துடுப்புப் படகில் இறங்கினார்கள். நேர் வழி குறுக்குவழிதான். ஆனால் காற்றுக்கு மறைவான பக்கமாகச் சுற்றியே போனார்கள். தந்தை பாறையில் குதித்ததும், படகு மோதி நொறுங்காமல் தனியே துடுப்புப் போட்டு நிறுத்தியவள் கிரேஸ். அந்தப் பாறையிலிருந்து 9 பேர் பிழைத்தார்கள். அவளுடைய தைரியத்தை எல்லோரும் புகழ்வார்கள். சுற்றுவழியைத் தேர்ந்த அந்த நிதானத்தையும் சேர்த்துப் புகழ வேண்டும் என்பது என் கட்சி.

இரண்டாவது, தெற்கே டார்செட்டில் லைம் ரீஜிஸ். வாட்டர்லூ ஸ்டேஷனில் ஏறி ஆக்ஸ்மின்ஸ்டரில் இறங்கி, பஸ் பிடிக்க வேண்டும். இங்கே சாகசம் குனிந்து தேடுவதுதான். கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் வாழ்ந்த பிராணிகள் கல்லாகிக் கரையில் கிடக்கின்றன. சுருள் சுருளான அம்மோனைட் கிடைத்தால், பேரன் உங்களைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுவான். இந்த ஊர்த் தச்சர் மகள் மேரி ஆனிங், 1812-ல், 12 வயதில், கடற்பல்லியின் எலும்புக்கூட்டைத் தோண்டச் செய்தாள். அவள் பெண் என்பதால் அன்றைய மண்ணியல் சங்கம் சேர்த்துக்கொள்ளவில்லை. 2022-ல் ஊரார் சிலை வைத்தார்கள். 1833-ல் அவள் கண்ணெதிரே சரிந்த மலை அவளுடைய நாயைக் கொன்றது. இன்றும் மழைக்குப் பிறகு அந்தச் சரிவுகள் இடிந்து விழுகின்றன. எனவே குன்றடியில் நிற்காதீர்கள், தட்டி உடைக்காதீர்கள், தளர்ந்து கிடக்கும் கல்லை மட்டும் பொறுக்குங்கள். இங்கேயும் கடல் வற்றும்போதுதான் நடை. ஏறினால் கரையே இராது.

மூன்றாவது, தென்மேற்கே கார்ன்வாலில் நியூகீ. பலகையில் ஏறி அலைமேல் சறுக்குவதற்குப் பெயர் போன ஊர். கற்றுக்கொடுக்கப் பள்ளிகள் உண்டு. ஆகஸ்டில்கூடக் கடல் சுமார் 17 டிகிரிதான் என்பதால் ரப்பர் உடுப்பை வாடகைக்குத் தருவார்கள். புடவைக்கும் அந்த அலைக்கும் சிநேகம் கிடையாது! சிவப்பும் மஞ்சளுமான இரு கொடிகளுக்கு நடுவே மட்டும் குளிக்கலாம். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கொடி பலகைக்காரர்களுக்கு. முழுச் சிவப்பு என்றால் இறங்கவே கூடாது. நீரோட்டம் உள்ளே இழுத்தால் எதிர்த்து நீந்திக் களைக்காதீர்கள். மல்லாந்து மிதந்து, கையை உயர்த்தி உதவி கேளுங்கள்.

எங்கே போனாலும் சில ஏற்பாடுகள் பொது. 1930-ல் தொடங்கிய இளைஞர் விடுதிச் சங்கத்தின் விடுதிகளில், பெயர் அப்படி இருந்தாலும், பாட்டிமாருக்கும் இடம் உண்டு. பல விடுதிகளில் நாமே சமைத்துக்கொள்ள அடுப்பும் உண்டு. ரசப்பொடி எடுத்துப் போனால் பிழைத்தோம். ஜூனிலும் ஒரு கம்பளிச் சட்டையும் மழைக்கோட்டும் அவசியம். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று விடுதியில் சொல்லி வையுங்கள். ஆபத்து என்றால் 999-க்குப் பேசி, “கோஸ்ட்கார்டு” வேண்டும் என்று கேளுங்கள். 1824-ல் பிறந்த உயிர்காப்புப் படகுச் சங்கம் புறப்பட்டு வரும். அதில் பெரும்பாலோர் சம்பளமில்லாத் தொண்டர்கள். அரைச் சாப்பாட்டில் எழுந்து ஓடிவருகிறவர்கள். நம் அவசரத்துக்காக அவர்கள் உயிரைப் பணயம் வைக்கும்படி செய்யலாமா?

அடுத்த தடவை மகள் தொலைபேசியில் “எப்போது வருகிறாய், அம்மா?” என்று கேட்டால், தேதி சொல்வதற்கு முன் நீங்களும் ஒரு கேள்வி கேளுங்கள்: “அந்த வாரம் புனிதத் தீவில் கடல் எத்தனை மணிக்கு வற்றுகிறது?” அம்மா நிஜமாகவே புறப்பட்டுவிட்டாள் என்று அவளுக்குப் புரிந்துவிடும்.