டாக்டர் படிப்பும் சிபாரிசுக் கடிதமும்

மருத்துவக் கல்லூரியில் இடம் என்றதும் நடுத்தரக் குடும்பத்துப் பெற்றோருக்கு முதலில் வரும் கவலை மதிப்பெண். அடுத்து வரும் கவலை, 'யாரைப் பிடிக்கலாம்?' என்பது. முதல் கவலை நியாயமானது. இரண்டாவது, ஒரு தலைமுறைக்கு முன்பே ஒழிந்திருக்க வேண்டியது. இன்னும் ஒழியவில்லை.

சிபாரிசு என்ற சொல்லுக்கே கெட்ட பெயர் ஏற்பட்டதற்குக் காரணம் உண்டு. 1960களில் மைசூர் ராஜ்யத்தில் மருத்துவ, பொறியியல் கல்லூரிகளுக்கு மாணவர்களைத் தேர்ந்தெடுத்தபோது, விருப்பப் பாடங்களின் மொத்த மதிப்பெண்ணில் 25 சதவீதத்துக்குச் சமமானதை நேர்முகத் தேர்வுக்கு ஒதுக்கியிருந்தார்கள். சித்ரலேகா வழக்கில் 1964ஆம் ஆண்டு சுப்ரீம் கோர்ட் அம்முறை செல்லும் என்றே தீர்ப்பளித்தது. தமிழகத்திலோ மருத்துவக் கல்லூரித் தேர்வில் 275 மதிப்பெண்ணுக்கு 75 நேர்முகத் தேர்வுக்குப் போயிற்று. அது மிகையாகத் தோன்றுகிறது என்று 1970இல் பெரியகருப்பன் வழக்கில் அதே கோர்ட் கூறியது. பின்னர் 1980இல், ஸ்ரீநகர் பொறியியல் கல்லூரி பற்றிய அஜய் ஹாசியா வழக்கில், மொத்தத்தில் 15 சதவீதத்துக்கு மேல் நேர்முகத் தேர்வுக்கு ஒதுக்குவது தகாது என்ற வரம்பு பிறந்தது. அங்கே ஒவ்வொரு மாணவரிடமும் இரண்டு மூன்று நிமிஷமே பேசினார்கள் என்பதும் அந்த வழக்கில் எடுத்துக் கூறப்பட்டது.

இரண்டு மூன்று நிமிஷத்தில் ஒரு பையனுடைய குணத்தை யாரால் அளக்க முடியும்? குணத்தை அளக்கவில்லை, அவனுக்காக வந்த கடிதத்தைத்தான் அளந்தார்கள் என்று ஜனங்கள் சந்தேகப்பட்டதில் வியப்பில்லை. பெரிய மனிதர் எவரையும் அறியாத குடும்பத்துப் பிள்ளை, அந்த அறைக்குள் நுழையும்போதே பாதி தோற்றுத்தான் நுழைந்தான்.

இன்று நிலைமை வேறு. எம்.பி.பி.எஸ். இடத்தை நீட் மதிப்பெண்ணும் இட ஒதுக்கீட்டு வரிசையும் தீர்மானிக்கின்றன. நீட் தேர்வைப் பற்றி, குறிப்பாகத் தமிழர்களுக்கு, ஆயிரம் குறைகள் இருக்கலாம். பணத்தால் வாங்கும் இடங்களின் கதையும் தனிக்கதை. ஆனால், எந்த மந்திரியின் கடிதமும் ஒரு மதிப்பெண்ணைக்கூடக் கூட்டாது என்ற அளவில் அது நல்லதே. சர்க்கார் இடங்களுக்கான தேர்வில் கடிதத்துக்கு மீண்டும் கதவைத் திறக்கக் கூடாது.

இரண்டு வாசல்கள்

ஆயினும், கடிதம் முற்றிலும் மறைந்துவிடவில்லை. இரண்டு வாசல்களில் அது இன்றும் கேட்கப்படுகிறது.

ஒன்று, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி போன்ற இடங்கள். திருச்சபையோ மிஷன் அமைப்போ ஒரு மாணவரை ஆதரித்து அனுப்பும் முறை அங்கே நெடுங்காலமாக உண்டு. அப்படிச் சேர்ந்தவர், படிப்பு முடிந்ததும் தம்மை அனுப்பிய அமைப்பு காட்டும் இடத்தில் இரண்டாண்டு பணியாற்றக் கடமைப்பட்டவர். இத்தகைய கல்லூரிகளுக்கும் நீட் தேர்வு பொருந்தும் என்று 2020 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்துவிட்டது; எனவே மதிப்பெண் இல்லாமல் ஆதரவுக் கடிதம் மட்டும் பயன்படாது. இருந்தாலும் அந்தக் கடிதத்தில் ஒரு நேர்மை இருக்கிறது. எழுதிக் கொடுப்பவர் தமது மருத்துவமனைக்கு நாளை வரப்போகும் டாக்டரைத் தேர்ந்தெடுக்கிறார். தவறான ஆளை அனுப்பினால் நஷ்டம் அவருக்கே. வாங்கிக்கொள்பவரும் இரண்டாண்டு உழைப்பை விலையாகக் கொடுக்கிறார்.

இரண்டாவது வாசல், வெளிநாடு. அமெரிக்காவில் டாக்டர் படிப்பு, பட்டப்படிப்புக்குப் பிறகே தொடங்குகிறது. பாடம் நடத்திய பேராசிரியர்களின் கடிதங்களை அங்குள்ள கல்லூரிகள் கேட்கின்றன. இங்கே எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு மேல்பயிற்சிக்காக அங்கே விண்ணப்பிக்கும் இளம் டாக்டரும், ஒவ்வொரு மருத்துவமனைக்கும் நான்கு கடிதங்கள் வரை சேர்க்கலாம். கடிதத்தை எழுதியவரே நேராக அனுப்ப வேண்டும். அதைப் படித்துப் பார்க்கும் உரிமை தமக்கு வேண்டாம் என்று விண்ணப்பதாரர் எழுதிக் கொடுப்பதும் வழக்கம். மாணவர் பார்க்கமாட்டார் என்றால்தான் ஆசிரியர் உள்ளதை உள்ளபடி எழுதுவார் என்பது அதன் தத்துவம்.

அந்தத் தத்துவம் இந்தியக் கரைக்கு வந்ததும் என்ன ஆகிறது? 'நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்' என்கிறார் துறைத் தலைவர். மாணவரும் நண்பர் ஒருவரின் பழைய கடிதத்தை வாங்கி, பெயரை மாற்றி எழுதுகிறார். 'மிகச் சிறந்த மாணவர், கடும் உழைப்பாளி, நற்பண்பாளர்' என்ற அதே மூன்று புகழ்ச்சிகள் எல்லாக் கடிதத்திலும் வருகின்றன. செல்லாக் காசு கலந்த பையில் நல்ல காசும் சந்தேகத்துக்கு ஆளாகும். உண்மையாகவே சிறந்த பெண்ணுக்கு உண்மையாகவே எழுதப்பட்ட கடிதமும் அந்தக் குவியலில் மதிப்பிழக்கிறது.

பிரமுகரா, ஆசிரியரா?

வெளி மாநிலத்தில் வாழும் தமிழர்களுக்கு இதில் ஒரு தனிக் கஷ்டம் உண்டு. ஆலை வேலைக்கும் கட்டட வேலைக்கும் பெங்களூருக்கு வந்தவர்களின் பேரப் பிள்ளைகளும், 2001இல் மூடப்பட்ட கோலார் தங்கவயல் சுரங்கத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் இன்று டாக்டராக ஆசைப்படுகிறார்கள். சொந்த ஊரில் இருந்த உறவு அறுந்து போயிற்று. வந்த ஊரில் செல்வாக்கு வேரூன்றவில்லை. ஆகவே கடிதம் என்ற பேச்சு எழுந்தவுடன், சங்க நிர்வாகியையோ, கவுன்சிலரையோ, ஓய்வுபெற்ற அதிகாரியையோ தேடி அப்பா அலைகிறார். 'ஐயா, நம்ம பிள்ளை, பார்த்துச் செய்யுங்க' என்று கெஞ்சுகிறார். அவருக்கும் இல்லை என்று சொல்ல மனம் வருவதில்லை. அந்தப் பெண்ணை ஒரு நாளும் பார்த்திராதவர், அவளை நன்கு அறிவேன் என்று எழுதுகிறார்.

அதே தெருவில், இரண்டாண்டு அவளுக்கு உயிரியல் பாடம் நடத்திய ஆசிரியை குடியிருப்பார். ஹவுஸ் சர்ஜனாக அவள் இரவு வார்டில் நின்றதைக் கண்ட டாக்டர் ஒருவர், அவள் படித்த ஆஸ்பத்திரியிலேயே இருப்பார். அவர்களிடம் கேட்பது யாருக்கும் தோன்றுவதில்லை. காரணம், அவர்களுக்குப் பட்டம் பதவி இல்லை.

சிபாரிசுக் கடிதம் ஒரு சாட்சியம். சாட்சிக்கு அந்தஸ்து முக்கியமன்று. சம்பவத்தைப் பார்த்தாரா என்பதே முக்கியம். எவ்வளவு காலமாக, எந்த வகையில் தெரியும், என்ன செய்யக் கண்டேன், எதில் அவர் இன்னும் தேற வேண்டும் என்ற நான்கும் இருந்தால் அது கடிதம். 'இரவு இரண்டு மணிக்கு, இறந்தவரின் மனைவியிடம் அமர்ந்து பேசிவிட்டுத்தான் இவர் அடுத்த நோயாளியிடம் போனார்' என்ற ஒரு வரி, பத்துப் புகழ்ச்சிகளுக்கு மேல்.

நூறு பேர் உள்ள வகுப்பில் ஆசிரியர் எவரை அறிவார் என்று கேட்கலாம். கேள்வி நியாயமே. அதனால்தான் மாணவர் கடைசி வாரத்தில் ஓடிவரக் கூடாது. மாதங்களுக்கு முன்பே சென்று, தம் வேலையைக் காட்டி, ஆசிரியர் தம்மை அறிய வாய்ப்புத் தர வேண்டும். அறியாத ஆசிரியர், 'எனக்கு உன்னைப் போதிய அளவு தெரியாது, வேறொருவரைக் கேள்' என்று சொல்லத் துணிய வேண்டும். அது மறுப்பன்று, உதவி. அறிந்த ஆசிரியர், வேலைப்பளுவைக் காரணம் காட்டாமல், ஒரு மணி நேரம் உட்கார்ந்து தாமே எழுத வேண்டும்.

தமிழ்ச் சங்கங்களுக்கும் இதில் வேலை உண்டு. முத்திரைத் தாளில் புகழ்ச்சி எழுதித் தருவதை அவை நிறுத்திக்கொள்ளலாம். அதற்குப் பதிலாக, நகரிலுள்ள தமிழ் டாக்டர்களிடம் இப்பிள்ளைகளை அறிமுகப்படுத்தி, விடுமுறை நாட்களில் ஆஸ்பத்திரியில் தொண்டு செய்ய வழி செய்யலாம். ஆறு மாதம் கூட இருந்து பார்த்தவர் எழுதும் கடிதத்துக்கு எவருடைய தயவும் வேண்டியதில்லை. செல்வாக்கில்லாத வீட்டுப் பிள்ளைக்கும் அது கிடைக்கும்.