தாளில் இல்லாத ஆழம்

(பத்தாம் வகுப்பு மாணவி)

கணிதத்தில் 'அளவியல்' பாடம் நடந்து கொண்டிருந்தது. கரும்பலகையில் ஒரு கூம்பு வரையப்பட்டிருந்தது. என் தோழி ஒருத்தி எழுந்து, "கூம்பின் அடிப்பக்கம் வட்டம் என்கிறோம், படத்தில் முட்டை வடிவில் அல்லவா இருக்கிறது?" என்று கேட்டாள். வகுப்பே கொல்லென்று சிரித்தது. சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. அன்று முதல் அவள் கணித வகுப்பில் வாய் திறக்கவே இல்லை. அவள் கேட்டது நகைப்புக்குரிய கேள்வியா? இல்லவே இல்லை என்பதை எடுத்துரைக்கவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

விடுமுறையில் கிராமத்துக்குச் சென்றபோது, ஒரு கன சதுரத்தை வரைந்து பாட்டியிடம் காட்டினேன். "ரெண்டு கட்டத்தைப் போட்டு மூலைக்கு மூலை கோடு இழுத்து வெச்சிருக்கே, இதுல பெட்டி எங்கேம்மா இருக்குது?" என்றார் பாட்டி. அதே பாட்டி, குதிருக்குள் ஒரு முறை எட்டிப் பார்த்து, "இன்னும் மூணு மூட்டை கேழ்வரகு தேறும்" என்றால் அது அப்படியே இருக்கும்! உருளையின் கன அளவுக்குச் சூத்திரம் தெரிந்த எனக்கு அது இயலுமா? அப்படியானால் பாட்டிக்கு இல்லாதது அறிவன்று. படத்தைப் படிக்கும் பழக்கமே.

தாளுக்கு நீளமும் அகலமும் மட்டுமே உண்டு. ஆழத்தை அளிப்பது நம் மனம். சாப்பாட்டுத் தட்டை நேராக நிமிர்த்திப் பிடித்தால் வட்டமாகவும், சாய்த்துப் பிடித்தால் நீள்வட்டமாகவும் கண்ணில் விழுகிறது. ஆயினும் தட்டு வட்டம் என்றே மனம் கொள்கிறது. என் தோழியோ கண்ணில் விழுந்ததை உள்ளபடி சொன்னாள்!

1832ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் லூயி நெக்கர், படிகங்களின் படங்களைப் பார்க்கும்போது ஒரு விந்தையைக் கண்டு எழுதினார். கன சதுரத்தின் பன்னிரண்டு விளிம்புகளையும் ஒரே மாதிரி முழுக் கோடாக வரைந்து உற்று நோக்குங்கள். முன்பக்கம் பின்னே போகும். பின்பக்கம் முன்னே வரும். கோடுகள் அசைவதில்லை, நம் மனமே மாறி மாறி முடிவு செய்கிறது. நம் புத்தகத்தில் மறைந்த விளிம்புகளைப் புள்ளிக் கோடாக வரைவது இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான்.

1960ஆம் ஆண்டில் ஹட்சன் என்ற ஆய்வாளர் தென்னாப்பிரிக்காவில் தாம் காட்டிய படங்களைப் பற்றி எழுதினார். ஈட்டி ஏந்திய வேடன், அவனுக்கெதிரே மான், நடுவே தொலைவில் சிறியதாய் ஒரு யானை. படங்களைப் பார்த்துப் பழகாதவர் பலர் வேடனுக்கு அருகில் இருப்பது யானையே என்றனர். தாளில் அளந்தால் அது சரிதானே! படத்தில் போதிய குறிப்புகள் இல்லை என்று பின்வந்த ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டினார்கள். 1962இல் அமெரிக்காவில் ஹோக்பெர்க், புரூக்ஸ் என்னும் இருவர், படங்களையே ஏறக்குறைய காட்டாமல் வளர்த்த ஒரு குழந்தை, பத்தொன்பதாம் மாதத்தில் கோட்டோவியங்களில் உள்ள பொருள்களை அடையாளம் கண்டதாக எழுதினர். ஆகவே, 'இது பந்து, இது பொம்மை' என்று அறிவது தானாகவே வரலாம். ஆனால் எது முன், எது பின், எவ்வளவு ஆழம் என்று கணிப்பதற்குப் பயிற்சி வேண்டும் என்றே நான் கருதுகிறேன்.

நம் தருமபுரிக்கு அருகில் அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயில் விதானத்தில் இராமாயண, மகாபாரதக் காட்சிகள் தீட்டப்பட்டிருக்கின்றன. தொலைவு செல்லச் செல்லக் கோடுகள் ஒரு புள்ளியை நோக்கிக் குவியும் முறை அங்கு இல்லை. அம்முறையை இத்தாலியில் ஆல்பர்ட்டி 1435இல் நூலாக எழுதினார். அதனால் நம் முன்னோர் வரையத் தெரியாதவர்கள் என்று சொல்லலாமா? அவர்கள் கதையைச் சொல்ல வரைந்தார்கள். கதை நமக்கு விளங்குகிறதே!

ஆகவே பெரியோர்களுக்கும் தோழியருக்கும் என் பணிவான வேண்டுகோள் இது: கன உருவங்களைப் பலகையில் வரைவதற்கு முன் அவற்றைக் கைகளில் கொடுங்கள். களிமண்ணில் கோளம் உருட்டலாம். சாக்பீஸ் பெட்டியை விரித்து மடிக்கலாம். கேரட்டை நறுக்கிக் கூம்பின் இடைக்கண்டம் செய்யலாம். கை அறிந்ததைக் கண் எளிதில் அறியும். பெற்றோர்களே, ஓவிய வகுப்பு வீண் பொழுது என்று எண்ணாதீர்கள். அதுவும் ஒரு கணித வகுப்பே.

பள்ளி திறந்ததும் என் தோழியிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு தாளைச் சுருட்டி ஒரு கடலைப் பொட்டலம் செய்து, வாய்ப்புறத்தை மெல்லச் சாய்த்துக் காட்டினேன். "அட, வட்டம் முட்டையாகிறதே!" என்று துள்ளினாள். அடுத்த கணித வகுப்பில் முதலில் உயர்ந்தது அவள் கைதான். கேள்வி கேட்பவளைக் கண்டு சிரிக்காதிருப்போம். பல நேரங்களில் அவளே நம்மைவிடக் கூர்ந்து பார்த்தவள்!