புகார் வரவில்லை என்றால் குறை இல்லை என்று அர்த்தமா?

கட்டற்ற மென்பொருள் எல்லோருக்கும் பொது என்கிறார்கள். நிரலை யாரும் எடுக்கலாம், திருத்தலாம், பகிரலாம். அந்த உரிமையை நாங்கள் மதிக்கிறோம். அதனால்தான் கேட்கிறோம்: பயன்படுத்துகிறவர்களின் குறையை எந்த வழியில் கேட்கிறீர்கள்?

இன்று பெரும்பாலான திட்டங்கள் கிட்ஹப்பைக் காட்டுகின்றன. அங்கே கணக்கு வேண்டும். எந்தப் பதிப்பு, என்ன செய்தால் பிழை வருகிறது என்று ஆங்கிலத்தில் எழுத வேண்டும். புன்னக்காயலில் வலை இழுப்பவர் கையிலும், ஆத்தூர் வாழைத்தோப்பில் கூலிக்குப் போகும் எங்கள் பெண்கள் கையிலும் ஆண்ட்ராய்டு போன் இருக்கிறது. அதற்குள் ஓடுவது லினக்ஸ். அவர்களும் பயனர்கள்தான். ஆனால் அவர்களிடமிருந்து ஒரு புகாரும் போய்ச் சேராது. உடனே குறையே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இரட்டைக் குவளை இருந்த ஊர்களில் "யாரும் புகார் தரவில்லையே" என்று அதிகாரிகள் சொன்ன அதே பதில்!

புன்னக்காயலில் கடல் சேரும் தாமிரபரணிக்கு மனுவின் கதை தெரியும். மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக ஆட்சியரிடம் மனு கொடுக்க ஊர்வலமாகப் போனவர்களில் 17 பேர் 1999 ஜூலை 23 அன்று அந்த ஆற்றில் பிணமானார்கள். அந்தக் கொடுமையையும் மென்பொருளையும் நாங்கள் ஒன்றாக்கவில்லை. ஆனால் குறை சொல்லும் வழியை மேலே இருப்பவர் மட்டுமே தீர்மானித்தால் யார் வெளியே நிற்பார்கள் என்பது எங்களுக்குப் பாடம்.

மொசில்லா 2017-ல் தொடங்கிய காமன் வாய்ஸ் திட்டம் மக்களின் குரல்களைத் திரட்டுகிறது. தமிழும் அதில் உண்டு. ஒருவர் வாசித்ததை மற்ற தன்னார்வலர்கள் கேட்டு, சரியா தவறா என்று ஓட்டுப் போடுகிறார்கள். வட்டார உச்சரிப்பை ஒதுக்கக் கூடாது என்பது விதி. ஆனால் எங்கள் பேச்சைக் 'கொச்சை' என்று சொல்லியே பழகிய காது, விதியைப் படித்ததும் மாறிவிடுமா? தீர்ப்புச் சொல்லும் இடத்தில் எங்கள் காதும் இருக்க வேண்டும்.

எந்தக் குறையை முதலில் தீர்ப்பது என்பதற்கு விருப்பக்குறிகளை எண்ணுகிறார்கள். தலையெண்ணிக்கை மட்டும் நீதியாகாது. அதனால்தான் அண்ணல் அம்பேத்கர் 1919-ல் சவுத்பரோ குழுவின் முன் தீண்டப்படாதோருக்குத் தனிப் பிரதிநிதித்துவம் கேட்டார்.

வேறு வழி இல்லாமல் இல்லை. டெபியன் திட்டம் கணக்கே கேட்காமல், ஒரு மின்னஞ்சலில் பிழையைப் பெற்று அதற்கு எண் கொடுக்கிறது. இன்னும் பழைய சாட்சி புன்னக்காயலிலேயே இருக்கிறது. 1586-ல் அங்கே அச்சான அடியார் வரலாற்றை எழுதிய ஹென்றிக்கே ஹென்றிக்கஸ், கடற்கரை மக்களோடு வாழ்ந்து அவர்கள் மொழியைக் கற்றார். சமயம் பரப்ப வந்தவரே மக்களிடம் போனார். எல்லோருக்கும் பொது என்று சொல்லும் நீங்கள் ஏன் போகக் கூடாது?

எங்கள் கோரிக்கைகள் இவை. தமிழில் பேசிப் பதிவு செய்யும் குறையையும் ஏற்றுக்கொள்ளுங்கள். சேரிக்கும் குப்பத்துக்கும் உப்பளத்துக்கும் நேரில் வந்து கேளுங்கள். கேட்கும் நாளுக்குக் கூலி கொடுங்கள். போனிலிருந்து தகவல் எடுப்பதானால் அனுமதி பெற்று எடுங்கள். ஒவ்வொரு குறைக்கும் எண்ணும் பதிலும் வேண்டும். யார் செய்த வேலை மீது குறையோ, அவரே அதை மூடக் கூடாது. முடிவெடுக்கும் குழுவில் எங்களுக்கு இடம் வேண்டும்.

இது சலுகை அல்ல, தோழர்களே. பொது என்ற சொல்லுக்கு நீங்கள் தர வேண்டிய கணக்கு.