எல்லைக்கோட்டுக்கு இரண்டு நீதி

டெட்ராய்ட் நகரத்தின் வடக்கு எல்லைக்கு வெளியே கார்வர் என்றொரு சிறிய பள்ளி மாவட்டம் இருந்தது. அங்கே படித்தவர்கள் கறுப்பினப் பிள்ளைகள். அந்த மாவட்டத்துக்கு உயர்நிலைப் பள்ளி கிடையாது. அதனால் 1950-களில் அந்தப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பேருந்து நகர எல்லையைத் தாண்டி உள்ளே வரும். அருகிலேயே வெள்ளையர் படிக்கும் உயர்நிலைப் பள்ளிகள் இருந்தன. பேருந்து அங்கே நிற்காது. தொலைவில் கறுப்பினப் பிள்ளைகள் படித்த நார்தர்ன் உயர்நிலைப் பள்ளியின் வாசலில்தான் கொண்டுபோய் இறக்கும். மாவட்ட எல்லை அந்தப் பேருந்துக்கு ஒரு தடையாகவே இருக்கவில்லை.

1974 ஜூலை 25 அன்று அதே எல்லையைப் பற்றி அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளையினப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்க வேண்டும் என்பதற்காக அந்தக் கோட்டைத் தாண்டிப் பேருந்து விடும்படி ஆணையிட முடியாது என்றார்கள் ஐந்து நீதிபதிகள். நால்வர் மறுத்தார்கள். மில்லிகன் எதிர் பிராட்லி என்று சட்டப் புத்தகங்களில் பதிவான வழக்கு இது. பிரிப்பதற்குத் திறந்துகொடுத்த கோடு, சேர்ப்பதற்கு மூடிக்கொண்டது.

அந்தத் தீர்ப்பு அநீதி. அரை நூற்றாண்டு கடந்துவிட்ட பிறகு, அதன் விளைவுகளையெல்லாம் பார்த்துவிட்ட பிறகு, இதைச் சொல்ல யாரும் தயங்க வேண்டியதில்லை.

வழக்கு வந்த வழியை நினைவுகூர்வது நல்லது. 1970 ஏப்ரலில் டெட்ராய்ட் பள்ளி வாரியம் தானாகவே முன்வந்து ஒரு சிறிய திட்டம் போட்டது. சில உயர்நிலைப் பள்ளிகளின் சேர்க்கைப் பகுதிகளை மாற்றி, இரு இனப் பிள்ளைகளையும் கலந்து படிக்க வைக்கும் எளிய முயற்சி அது. மிச்சிகன் மாநிலச் சட்டமன்றம் அதைப் பொறுக்கவில்லை. ஜூலையில் ஒரு சட்டம் இயற்றித் திட்டத்தை முடக்கியது. ஆளுநர் வில்லியம் மில்லிகன் கையெழுத்திட்டார். ஆகஸ்டில் வாக்காளர்கள், திட்டத்தை ஆதரித்த நான்கு வாரிய உறுப்பினர்களைப் பதவியிலிருந்து திரும்ப அழைத்தார்கள். வேறு வழியின்றி அதே மாதத்தில் கறுப்பினப் பெற்றோரும், கறுப்பினத்தாரின் உரிமைகளுக்காகப் போராடும் என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பும் நீதிமன்றம் போனார்கள்.

வழக்கை விசாரித்த மாவட்ட நீதிபதி ஸ்டீஃபன் ராத், தொடக்கத்தில் இந்த வழக்கில் பரிவு காட்டியவர் அல்லர். 41 நாள் விசாரணை அவரை மாற்றியது. எந்தத் தெருவில் யார் குடியிருக்கலாம் என்பதை அரசும் வங்கிகளும் வீட்டுத் தரகர்களும் சேர்ந்து எப்படி முடிவு செய்தார்கள் என்பதைச் சாட்சியங்கள் ஒவ்வொன்றாக அவர் முன் வைத்தன. நகரப் பள்ளிகளில் அப்போதே ஏறக்குறைய 64 சதவீதம் கறுப்பினப் பிள்ளைகள். நகரத்துக்குள் மட்டும் பிள்ளைகளை இடம் மாற்றினால் பிரிவினை தீராது, மிச்சமிருக்கும் வெள்ளையர்களும் எல்லைக்கு வெளியே போய்விடுவார்கள் என்று ராத் கண்டார். 1972 ஜூனில், டெட்ராய்ட்டையும் அதைச் சுற்றியிருந்த 53 புறநகர் மாவட்டங்களையும் ஒரே திட்டத்துக்குள் கொண்டுவர ஆணையிட்டார். அதற்காக அவர் வாங்கிய ஏச்சும் மிரட்டலும் கொஞ்சமல்ல. உச்ச நீதிமன்றம் தன் ஆணையை உடைத்தெறிவதைப் பார்க்க அவர் இருக்கவில்லை. இரண்டு வாரங்களுக்கு முன்பே மாரடைப்பில் இறந்துபோனார்.

தலைமை நீதிபதி வாரன் பர்கர் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு சொன்னது இதுதான்: தவறு நடந்தது டெட்ராய்ட்டுக்குள், புறநகர் மாவட்டங்கள் தவறு செய்ததாக நிரூபிக்கப்படவில்லை, ஆகவே பரிகாரமும் நகரத்துக்குள்ளேயே நிற்க வேண்டும். ஐந்தாவது வாக்கைத் தந்த நீதிபதி பாட்டர் ஸ்டூவர்ட் இன்னும் ஒரு படி போனார். கறுப்பினத்தார் நகரத்துக்குள்ளும் வெள்ளையர் வெளியிலும் குவிந்ததற்கான காரணங்கள் அறியப்படாதவை, ஒருவேளை அறியவே முடியாதவை என்று எழுதினார்.

அறியவே முடியாதவையா? டெட்ராய்ட்டின் எட்டு மைல் சாலைக்குத் தெற்கே பர்வுட் தெருவை ஒட்டி ஒரு சுவர் இன்றும் நிற்கிறது. ஆறடி உயரம், ஓரடி கனம், ஏறக்குறைய அரை மைல் நீளம். கறுப்பினத்தார் குடியிருப்புக்குப் பக்கத்தில் வெள்ளையர்களுக்கு வீடு கட்டி விற்க நினைத்த ஒருவருக்கு, மத்திய அரசின் வீட்டுக்கடன் அமைப்பு கடன் உத்தரவாதம் தர மறுத்தது. இரண்டு குடியிருப்புகளுக்கும் நடுவே 1941-இல் அவர் இந்தச் சுவரை எழுப்பினார். உத்தரவாதம் கிடைத்தது. வீட்டுப் பத்திரத்திலேயே 'கறுப்பினத்தாருக்கு விற்கக் கூடாது' என்று எழுதி வைக்கும் வழக்கம் இருந்தது. அந்த விதியை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று 1948-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அப்போது அதன் முன் சேர்ந்து வந்த வழக்குகளில் ஒன்று இதே டெட்ராய்ட்டிலிருந்து போனது. காரணம் பத்திரத்தில் எழுதப்பட்டிருந்தது. கான்கிரீட் சுவராகத் தெருவிலும் நின்றது. அறிய முடியாததாக அதில் எதுவும் இல்லை.

எல்லைகளின் புனிதம் பற்றிய வாதமும் நிற்காது. பள்ளி மாவட்டங்கள் ஆற்றைப் போல, மலையைப் போலத் தாமாக வந்தவை அல்ல. மாநிலம் வரைந்தவை, மாநிலம் நினைத்தால் அழிக்கக்கூடியவை. 1912-இல் மிச்சிகனில் 7,000-க்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்கள் இருந்தன. 1960-களின் முடிவில் அவை 800-க்கும் கீழே வந்துவிட்டன. நிர்வாக வசதிக்காகவும் சிக்கனத்துக்காகவும் ஆயிரக்கணக்கான கோடுகளை அழித்த ஒரு மாநிலம், கறுப்பினப் பிள்ளையின் படிப்புக்காக ஒரு கோட்டை அழிக்க வேண்டி வந்தபோது மட்டும் 'உள்ளூர் உரிமை' என்றது. மறுப்புத் தீர்ப்பு எழுதிய நீதிபதிகள் அன்றே இதை எடுத்துக்காட்டினார்கள். அவர்களில் ஒருவர் தர்குட் மார்ஷல். 1954-இல் பள்ளிப் பிரிவினை சட்டவிரோதம் என்ற தீர்ப்பை வழக்கறிஞராக நின்று வென்று தந்தவர். பெருநகரம் இரண்டு ஊர்களாக, வெள்ளை ஊர் ஒன்றும் கறுப்பு ஊர் ஒன்றுமாக, பிரிந்து போக விடுவது இப்போதைக்கு எளிது. ஒருநாள் இந்த நாடு அதற்காக வருந்தும் என்று அவர் எச்சரித்தார்.

எதிர்த்தரப்பிலும் நேர்மையான கேள்விகள் இருந்தன. அவற்றைத் தள்ளிவிட முடியாது. சின்னக் குழந்தைகள் நாள்தோறும் நெடுநேரம் பேருந்தில் போய்வர வேண்டுமா என்று கேட்ட பெற்றோர் எல்லோரும் இனவெறியர்கள் அல்லர். 'வெள்ளைக்காரப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தால்தான் எங்கள் பிள்ளைக்குப் படிப்பு வருமா? எங்கள் பள்ளியை எங்கள் கையில் கொடுங்கள்' என்று கேட்ட கறுப்பினப் பெற்றோரும் இருந்தார்கள். அந்தக் கேள்வியில் தன்மானம் இருக்கிறது. பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் மூளை ஒன்றுதான். ஆனால் அமெரிக்காவில் வெள்ளைப் பிள்ளை போன இடத்துக்குத்தான் பணமும் கட்டடமும் தேர்ந்த ஆசிரியரும் அரசின் அக்கறையும் போயின. தனியாக விடப்பட்ட பள்ளிக்கு ஈடான பங்கு ஒருநாளும் வரவில்லை. கையில் கொடுத்ததாகச் சொன்ன உரிமையையும் பிறகு பறித்துக்கொண்டார்கள்.

வேறு வழியே இல்லை என்பதும் உண்மையல்ல. கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரப் பள்ளிகள் 1975-இல் சுற்றியிருந்த ஜெஃபர்சன் கவுண்டிப் பள்ளிகளோடு ஒரே மாவட்டமாக இணைந்தன. முதல் ஆண்டு கலவரம் நடந்தது. பேருந்துகளுக்குக் காவல் போட வேண்டியிருந்தது. ஆனாலும் ஊர் அதைத் தாங்கிக்கொண்டது. பல பத்தாண்டுகள் இரு இனப் பிள்ளைகளும் அங்கே ஒன்றாகப் படித்தார்கள். நகரமும் புறநகரும் ஒரே மாவட்டமாக இருந்தால், ஓடிப்போக எல்லைக்கு அப்பால் இன்னொரு மாவட்டம் பக்கத்தில் இராது என்பதே அந்த அனுபவம் சொன்ன பாடம்.

டெட்ராய்ட்டுக்குக் கிடைத்தது வேறு. 1960-களின் நடுவில் ஏறக்குறைய 3 லட்சம் பிள்ளைகள் படித்த பள்ளி அமைப்பில் இன்று இருப்பவர்கள் 50 ஆயிரம் அளவுக்குத்தான். நகரத்துப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேர், அரசுப் பணத்தில் தனி நிர்வாகத்தின் கீழ் நடக்கும் சார்ட்டர் பள்ளிகளுக்கும் புறநகர்ப் பள்ளிகளுக்கும் சிதறிவிட்டார்கள். 1999-இல், கையில் உபரி நிதி இருந்த பள்ளி வாரியத்தை மாநிலம் தன் பிடிக்குள் எடுத்துக்கொண்டது. சில ஆண்டுகளில் உபரி பற்றாக்குறையானது. 2009 முதல் ஒருவர் பின் ஒருவராக மாநிலம் அனுப்பிய அவசரகால மேலாளர்கள் ஆண்டார்கள்; கடன் பெருகியது. அதன் பிறகு தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியம் அதிகாரத்தோடு திரும்பி வந்தது 2017-இல்தான். 2016 ஜனவரியில், சுவரில் பூஞ்சையும் வகுப்பறையில் எலியும் எனப் படம் எடுத்துக் காட்டிய ஆசிரியர்கள் கூட்டாக உடல்நல விடுப்பு எடுத்தார்கள். ஒரே நாளில் 80-க்கும் மேற்பட்ட பள்ளிகள் மூடிக்கிடந்தன. 2018-இல் குழாய்நீரில் ஈயமும் தாமிரமும் கண்டறியப்பட்டதால் எல்லாப் பள்ளிகளிலும் குடிநீர்க் குழாய்கள் அடைக்கப்பட்டன.

இவற்றைவிட நெஞ்சை அறுப்பது, டெட்ராய்ட் மாணவர்கள் ஏழு பேர் 2016-இல் போட்ட வழக்கு. அவர்கள் கேட்டது பெரிய படிப்பையல்ல, வாசிக்கக் கற்றுத்தரும் உரிமையை. கணக்கு ஆசிரியர் இல்லாததால் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனே ஒரு மாதம் வகுப்பெடுக்க நேர்ந்தது என்றது அவர்களின் மனு. அடிப்படை எழுத்தறிவு அரசியல் சாசன உரிமை என்று 2020 ஏப்ரலில் மேல்முறையீட்டு அமர்வு இரண்டுக்கு ஒன்று எனத் தீர்ப்பளித்தது. அடுத்த மாதம் மாநிலம் சமரசம் செய்துகொண்டது. முழு அமர்வே விசாரிக்கும் என்று சொல்லி நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. சமரசம் முடிந்துவிட்டதால் விசாரணையும் நடக்கவில்லை. எழுத்தறிவுப் பணிக்காக மாநிலம் ஒப்புக்கொண்ட 94.4 மில்லியன் டாலர் 2023-இல்தான் ஒதுக்கப்பட்டது. பணம் வந்தது நல்லது. ஆனால் ஒரு பிள்ளைக்கு எழுத்துக் கற்றுத்தருவது அரசின் கடமையா என்ற கேள்வி, உலகின் செல்வம் மிகுந்த நாட்டில் இன்னும் விடையில்லாமல் நிற்கிறது.

இந்தக் கதை நமக்குத் தூரத்துக் கதையும் அல்ல. டெட்ராய்ட்டைச் சுற்றியுள்ள டிராய், நோவை, கேன்டன் போன்ற ஊர்களில் கார் நிறுவனங்களிலும் மென்பொருள் துறையிலும் வேலைபார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். வீடு பார்க்கப் போகும்போது அவர்கள் முதலில் கேட்பது 'ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் எப்படி?' என்பதுதான். பெற்றவர்கள் கேட்கத்தானே செய்வார்கள், அதில் குற்றமில்லை. ஆனால் அந்த நல்ல மாவட்டத்துக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை நீதிமன்றம் ஏன் காத்துக் கொடுத்தது, யாரை வெளியே நிறுத்தக் காத்தது என்று தெரிந்துகொள்ளும் கடமை அந்த மண்ணில் வாக்குரிமை பெற்ற ஒவ்வொருவருக்கும் உண்டு. பலனை அனுபவிப்பவர்கள் வரலாற்றை அறியாமல் இருப்பது நேர்மையாகாது.

செய்ய வேண்டியது என்ன என்பதில் குழப்பமில்லை. 1974 தீர்ப்பு நீதிமன்றத்தின் கையைத்தான் கட்டியது. சட்டமன்றத்தின் கையைக் கட்டவில்லை. கோடுகளை மாற்றக் கூடாது என்று எந்த நீதிபதியும் மிச்சிகன் சட்டமன்றத்துக்குச் சொல்லவில்லை. பள்ளியின் அன்றாடச் செலவை 1994 முதல் பெரும்பாலும் மாநிலமே ஏற்கிறது. கட்டடச் செலவு மட்டும் உள்ளூர்ச் சொத்து வரியின் தலையில் கிடக்கிறது. வீட்டு மதிப்பு வீழ்ந்த நகரத்தில் கூரை ஒழுகுவதற்கு இதுவே காரணம். கட்டடப் பொறுப்பையும் மாநிலம் ஏற்கட்டும். வெளிமாவட்டப் பிள்ளையைச் சேர்ப்பதும் மறுப்பதும் அந்தந்தப் புறநகரின் விருப்பம் என்ற விதி போகட்டும். வேண்டிய இடத்தில் மாவட்டங்களே இணையட்டும். சிக்கனத்துக்காக ஆயிரக்கணக்கான கோடுகளை அழித்த மாநிலத்துக்கு இது புதிய வேலையல்ல.

கார்வர் பிள்ளைகளை ஏற்றிய பேருந்து, பக்கத்துப் பள்ளியைத் தாண்டிப் போனது. அந்தப் பள்ளியின் கதவை யார் அடைத்தார்கள் என்பது தெரியும். எப்படி அடைத்தார்கள் என்பதும் தெரியும். தெரிந்த பிறகும் திறக்காமல் இருந்தால், அந்தக் குற்றம் 1974-இன் நீதிபதிகளோடு போகாது. இன்று சட்டமன்றத்தில் அமர்ந்திருப்பவர்களையும், அவர்களுக்கு வாக்களிப்பவர்களையும் சேரும்.