கன்னடம் கத்துக்கணுமா? ‘அடங்காத’ வினைகளில் தொடங்குங்க!

ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி தாண்டி எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போகும் பலருக்கு முதலில் பழகும் கன்னட வாக்கியம், ‘கன்னடா கொத்தில்ல’ (கன்னடம் தெரியாது). சிலருக்கு அஞ்சு வருஷம் கழித்தும் அதேதான். மொழியை வைத்தே வாய்ச்சண்டை முளைக்கும் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

எங்கே மாட்டிக்கொள்கிறார்கள்? இறந்தகாலத்தில். ‘மாடு’ (செய்) என்பது ‘மாடிதெ’, ‘நோடு’ (பார்) என்பது ‘நோடிதெ’. இதுவரை சுலபம். திடீரென்று ‘பா’ (வா) என்பது ‘பந்தெ’ ஆகிறது. ‘விதிக்கு அடங்காதவை, மனப்பாடம் செய்க’ என்று பட்டியல் நீள, ஆப்பை மூடிவிடுகிறார்கள்.

ஸ்பானிஷ் படிப்பவர் பயப்படுவதில் நியாயம் உண்டு. அங்கே ‘போனேன்’, ‘இருந்தேன்’ இரண்டுக்குமே ‘ஃபுய்’ என்று ஒரே சொல் வரும். கன்னடத்தைப் பார்த்துத் தமிழர் ஏன் பயப்படணும்? வந்தேன் – பந்தெ. தந்தேன் – தந்தெ. விட்டேன் – பிட்டெ. கொண்டேன் – கொண்டெ. தமிழ் ‘வ’ அங்கே பெரும்பாலும் ‘பஸ்’ஸில் வரும் ‘ப’ ஆகிறது, அவ்வளவுதான். ‘வந்துட்டேன்’கூட ‘பந்துபிட்டெ’தான்!

தினமும் வாயில் புழங்கும் வினைகள் பழைய உருவத்தை லேசில் விடாது. பழைய ஆங்கிலத்தின் 177 ஒழுங்கற்ற வினைகளில் 98 இன்றும் அப்படியே இருப்பதாக 2007-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. அதிகம் புழங்காதவைதான் வேகமாக மாறியிருந்தன. வந்தேனும் பந்தெயும் ஒரே மூதாதையின் பிள்ளைகள். உண்மையில் புதிதாக உருப்போட வேண்டியது, ஒழுங்கானதாகச் சொல்லப்படும் ‘மாடிதெ’யைத்தான். பாடநூல்கள் வரிசையைத் தலைகீழாக வைத்திருக்கின்றன.

‘இருந்தேன்’ மட்டும் காலை வாரும். பலர் ‘இருந்தெ’ என்று சொல்லிவிடுகிறார்கள். சரியானது ‘இத்தெ’, ‘புத்தர்’ என்பதில் வரும் ‘த்த’ ஒலி. இதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. விழுந்தேன் – பித்தெ, எழுந்தேன் – எத்தெ. மருந்துகூட ‘மத்து’தான்.

எல்லாம் இப்படி மடங்காது. போனேன் ‘ஹோதெ’, கொடுத்தேன் ‘கொட்டெ’. இந்த இரண்டையும் உருப்போடத்தான் வேண்டும்.

இன்னொன்று: வந்தான் என்றால் ‘பந்தா’, வந்தார் என்றால் ‘பந்த்ரு’. சூப்பர்வைசரைப் பற்றிப் பேசும்போது, அவர் பக்கத்தில் இல்லாவிட்டாலும், ‘பந்த்ரு’.