'டான்சில் தானே' என்று அலட்சியம் வேண்டாம்!

'டான்சில் ஆபரேஷன் தானே... ரெண்டு நாள் ஐஸ்கிரீம் சாப்பிட்டா சரியாப் போச்சு' என்று தான் நானும் நினைத்திருந்தேன். கடந்த கோடை விடுமுறையில் நாங்கள் பட்ட பாட்டுக்குப் பின், யார் அப்படிச் சொன்னாலும் எனக்குக் கோபம் தான் வருகிறது.

என் எட்டு வயது மகளுக்கு அடிக்கடி தொண்டை வீங்கி காய்ச்சல் வரும். பள்ளிக்கு லீவு லெட்டர் எழுதியே என் கை ஓய்ந்து விட்டது. எங்கள் ஊரிலேயே ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் செய்தோம். மறுநாளே வீட்டுக்கு அனுப்பி விட்டனர். ஐந்தாம் நாள் இட்லி சாப்பிட்டாள். 'குழந்தை தேறிட்டா' என்று, ஊர்த் திருவிழாவுக்குப் பையெல்லாம் கட்டியாயிற்று.

ஏழாம் நாள் இரவு, ஏதோ சத்தம் கேட்டு விழித்தேன். குழந்தை தூக்கத்திலேயே, 'மடக்... மடக்...' என்று எதையோ விழுங்கிக் கொண்டே இருந்தாள். எழுப்பி உட்கார வைத்ததும், குபுக்கென்று வாந்தி. காபிப் பொடியைக் கரைத்த மாதிரி கரும்பழுப்பு நிறம்.

'ராத்திரி குடிச்ச கேப்பைக் கஞ்சி தாம்மா. உடம்பு சூடு... கொஞ்சம் வெந்நீர் குடு' என்றார், மாமியார். என் கணவரோ, 'விடியட்டும், பார்த்துக்கலாம்' என்றார். டார்ச் அடித்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். தொண்டையில் புது ரத்தம் ஊறிக் கொண்டிருந்தது. அதற்கு மேல் யாரையும் கேட்கவில்லை, ஆட்டோ பிடித்தேன்.

மறுபடியும் மயக்க மருந்து கொடுத்துத் தான் ரத்தத்தை நிறுத்த முடிந்தது. நல்ல வேளை, வெந்நீர் கொடுக்கவில்லை; வெறும் வயிறாக இருப்பது தான் மயக்க மருந்துக்கு நல்லதாம்.

டான்சில் எடுத்த இடத்தில் பொதுவாகத் தையல் போடுவதில்லையாம். புண்ணின் மேல் வெள்ளையாக ஒரு படலம் படிந்து, ஐந்திலிருந்து பத்து நாளுக்குள் அது உரியும். முதல் 24 மணி நேரம் போலவே அந்த நாட்களிலும் ரத்தம் வரலாம் என்றார், டாக்டர். குழந்தைகள் துப்பாமல் விழுங்கி விடுவதால், வெளியே தெரியாதாம். கொஞ்சமாகக் கசிந்து நின்று விட்டாலும், பிறகு பெரிதாக வரக்கூடும் என்பதால், உடனே வந்து காட்ட வேண்டுமாம்.

'இதை முன்னாடியே சொல்லக் கூடாதா, டாக்டர்?' என்று கேட்டேன். 'டிஸ்சார்ஜ் பேப்பர்ல இருக்கேம்மா' என்றார். இருந்தது... ஆங்கிலத்தில், ஒரே ஒரு வரி! ராத்திரி கண் விழித்துப் பார்த்துக் கொள்ளப் போவது அம்மா தானே? அவளுக்குப் புரிகிற தமிழில், நாலு வரி அச்சடித்துக் கொடுத்தால் என்ன குறைந்து விடும்?

என் மேலும் தப்பு இருக்கிறது. ஆபரேஷனுக்கு முன், 'குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் நிற்காத தொந்தரவு உண்டா?' என்று கேட்டபோது, 'அதெல்லாம் இல்லை' என்றார், என் கணவர். எனக்கு மாதவிலக்கின் போது அதிகமாகவே போகும். பல் பிடுங்கிய போதும் ரத்தம் நிற்க வெகு நேரமாயிற்று. ஆண்கள் எதிரில் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று வாயை மூடிக் கொண்டிருந்தேன். பிறகு பரிசோதித்ததில், குழந்தைக்கு அப்படி எதுவும் இல்லை என்று தெரிந்தது. ஆனாலும், நான் சொல்லியிருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் பயப்படவும் வேண்டாம். வெள்ளைப் படலம், வாய் நாற்றம், காது வலி எல்லாம் சகஜம் தானாம். (காது வலிக்கு மாமியார் எண்ணெய் காய்ச்சப் போனது தனிக் கதை!) பச்சை ரத்தம், கரும்பழுப்பு வாந்தி, தூக்கத்தில் ஓயாமல் விழுங்குவது... இவற்றைக் கண்டால் விடியும் வரை காத்திருக்காதீர்கள். குழந்தையை முன்பக்கம் சாய்த்து உட்கார வைத்து, ரத்தத்தைத் துப்பச் சொல்லியபடியே கிளம்பி விடுங்கள். வலிக்கு என்று வீட்டிலிருக்கும் ஆஸ்பிரினைக் கொடுத்து விடாதீர்கள். ரத்தம் உறைவதை அது தடுக்கும். இரண்டு வாரத்துக்கு வெளியூர்ப் பயணமும் வேண்டாம்.

எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு பையனுக்கு அடுத்த வாரம் இதே ஆபரேஷன். அவன் அம்மாவிடம் போய், காலண்டரில் ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை சிவப்பு மையால் வட்டம் போட்டுக் கொடுத்து விட்டு வந்தேன்.

— ஒரு வாசகி, திண்டுக்கல்.